செய்ததும் சொன்னதும்

1954-இல் ஒரு கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு மனைவியின் சாட்சியத்தை இரண்டாகப் பிரித்தது. உத்தரப் பிரதேசத்து ராம் பரோசே வழக்கு. விடியுமுன் இருட்டில் புருஷன் கூரையிலிருந்து இறங்கி வந்ததையும், பிறகு குளித்ததையும் அவள் பார்த்தாள். அது அவன் செய்தது; சாட்சியமாகச் செல்லும் என்றார்கள். அவன் அவளிடம் சொன்னது செல்லாது. அது கணவன் மனைவிக்குள் பேசியது. பழைய சாட்சியச் சட்டத்தில் 122-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 128. மணமுறிவு ஆனாலும் அந்தப் பூட்டு திறப்பதில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம், என் மேசையில் கிடக்கும் கையெழுத்துப் பிரதி. நான் ஒரு தேயிலைப் பேக்டரி டீமேக்கரோடு வாழ்ந்து பிரிந்த கதை. எந்தப் பேக்டரி, நீலகிரியில் கோத்தகிரிப் பக்கமா குந்தாப் பக்கமா என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொல்லாவிட்டாலும் பயனில்லை என்கிறார் குன்னூர் வக்கீல். “அக்கா, பேரை மாத்தினா போதாது. ஒரு பேக்டரிக்கு எத்தனை டீமேக்கர் இருப்பாங்க? படிக்கிறவங்களுக்கு ஆள் தெரிஞ்சா போதும், அவதூறுதான்.” மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனாலே யார் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிற ஊர் இது.

வக்கீல் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாரதிய நியாய சன்ஹிதா 356-இன்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. உண்மையைத்தான் எழுதினேன் என்பது மட்டும் அங்கே போதாது. அதைச் சொல்வது பொதுநன்மைக்குத் தேவை என்றும் காட்ட வேண்டும். நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே தப்பிக்கலாம். அந்த வழக்கையும் எழுத்து வெளியான ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். இந்து திருமணச் சட்டம் 22-ஆம் பிரிவு, விவாகரத்து வழக்கில் மூடிய அறைக்குள் நடந்ததை அச்சிடக்கூடாது என்கிறது. மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 1955-இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே 1994 அக்டோபரில் வந்த ராஜகோபால் தீர்ப்பு. நக்கீரன் வழக்கு என்றால் நம்மூரில் தெரியும். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதை அவன் மனைவி கை வழியாக வக்கீலுக்குப் போய், பத்திரிகைக்கு வந்தது. அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். அச்சாகுமுன் தடை போட அரசுக்கு உரிமையில்லை என்றது நீதிமன்றம். கூடவே, ஒருவருடைய குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு பற்றி அவர் சம்மதமில்லாமல் எழுதினால், உண்மையானாலும் பொய்யானாலும், புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் அந்தரங்க உரிமையை மீறியதாகும் என்றது. பொதுப் பதிவேட்டில் ஏறியதற்கு விலக்கு உண்டு. சரி, என் கல்யாணம் என் அந்தரங்கமும்தானே? ஒரே கட்டிலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தால் யார் சம்மதம் செல்லும் என்று நான் கேட்டபோது வக்கீல் சிரித்தார்.

வீட்டில் சட்டம் பேசுவதில்லை, தர்மம் பேசுகிறார்கள். என் சித்தப்பா மகாபாரதத்தைக் கொண்டு வந்தார். உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்ட கௌசிகன், காட்டுக்குள் ஒளிந்தவர்களைக் கொள்ளையருக்குக் காட்டிக்கொடுத்து நரகம் போன கதை. கண்ணபிரானே சொன்னதாச்சே, என்றார். கதை நல்ல கதைதான். ஆனால் அதில் ஒளிந்தவர்கள் குற்றமற்றவர்கள், துரத்தியவர்கள் கொள்ளையர்கள். என் கதையில் ஒளிந்திருப்பவர் யார்? வள்ளுவர் வாய்மைக்குத் தீங்கின்மையை இலக்கணமாக வைத்தார் என்பதும் அடி வாங்கியவளுக்குத்தான் நினைவூட்டப்படுகிறது. அடித்தவரிடம் யாரும் அந்த அதிகாரத்தைப் பிரித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

ஒரு ஜனவரி இரவு என் கணவர் என்னை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டார். புல்லில் உப்புத் தூவினாற்போல உறைபனி இறங்கிக்கொண்டிருந்தது. விடியற்காலை நாலு மணிக்குக் கதவு திறந்தது. என்மேல் இரக்கம் வந்து அல்ல. டிரஃப் தொட்டியில் வாடப்போட்ட கொழுந்து காத்திருக்காது, பேக்டரிக்குப் போக வேண்டும். ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். இதை எழுதினால் அவருக்கு வெட்கம் வரும். அந்த வெட்கம் என் பேனாவிலிருந்து வருவதாக நான் நினைக்கவில்லை. அது அந்த நாலு மணியிலிருந்து வருவது.

பேர் சொல்லாமல் விடுவதே மரியாதை என்பவர்கள் புனித அகஸ்தீனைக் காட்டுவார்கள். ‘ஒப்புதல்கள்’ நூலில் தன் பாவங்களை அவ்வளவு விரித்தவர், பல வருஷம் கூட வாழ்ந்து தனக்கு ஒரு மகனைப் பெற்றுத் தந்தவளின் பேரைச் சொல்லவில்லை. மகன் பேர் இருக்கிறது, அதேயோதாதுஸ். அவள் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போனாள், இனி வேறு ஆணை அறிவதில்லை என்று நேர்ந்துகொண்டாள், அவ்வளவுதான். காப்பாற்றினாரா, துடைத்துப் போட்டாரா? எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

பக்கத்து ஹட்டியில் படகர் வீட்டுச் சாவுக்குப் போயிருக்கிறேன். கரு ஹரசோது என்ற சடங்கில் பெரியவர் ஒருவர் பாடையருகே நின்று பாவங்களை வரிசையாகச் சொல்வார். கூட்டம் அவருக்குக் குரல் கொடுக்கும். பாம்பைக் கொன்றது, எல்லைக்கல்லை நகர்த்தியது, அண்ணன் தம்பிக்குள் மூட்டிவிட்டது. முன்பெல்லாம் அவற்றை ஒரு கன்றின்மேல் ஏற்றி விரட்டிவிடுவார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் சொல்கின்றன. செத்தவர் செய்ததா செய்யாததா என்ற கேள்வியே இல்லை, எல்லாருக்கும் அதே பட்டியல். நாளைக்கும் ஒரே ஊரில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் கண்டுபிடித்த அருமையான வழி. ஆனாலும் பாடையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த மனைவியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கென்று ஏதாவது இருந்திருந்தால், அது அந்தப் பட்டியலுக்குள் கரைந்து போயிருக்கும்.

அதனால் ஜனவரி அத்தியாயம் இருக்கிறது. இன்னொன்றை எடுத்துவிட்டேன். 2009 நவம்பரில் மலையெங்கும் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அந்த வாரத்தில் ஓர் இரவு கரண்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அவர் தன்னைப் பற்றி ஒன்று சொன்னார். வேறு யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்று இருக்கிறது என்று இங்கே சொன்னதே அதிகம். என் புத்தகத்திலேயே நன்றாக வந்த பக்கங்கள் அவைதான், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

வக்கீலுக்கு இது விளங்கவில்லை. ஜனவரிக்குத்தான் வழக்கு வரும். நவம்பருக்கு அவர் கோர்ட்டுக்கே வரமாட்டார், வந்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று கணக்குச் சொன்னார். அவர் வாயைத் திறக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுவதென்றால், அது எனக்கு முன்பே பழக்கமான கணக்கு. அந்த வீட்டில் அது என்மேல் போடப்பட்டது.

எடுத்த பக்கங்களை அவருக்கே அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். மிரட்டல் என்று எடுத்துக்கொள்வார், நோட்டீஸ் வரும் என்றார் வக்கீல். அதுவும் சரிதான். இப்போதைக்கு அவை பீரோவில் இருக்கின்றன.