பாறையில் இருப்பது எந்த வீணை?

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் வரிவரியாகச் சுரங்கள். எழுத்தமைதி 7-ஆம் நூற்றாண்டைச் சொல்கிறது. ரிஷபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருகிறது. அது சுருதி நுட்பமா, விரல் மீட்டும் முறையா? அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

சரி, எந்த வாத்தியத்துக்கு எழுதியது?

வெட்டுவித்தவர் உருத்திராசாரியாரின் மாணவரான ஒரு சிவபக்த அரசர். மாணாக்கர் நலனுக்காக என்று கல்வெட்டின் வடமொழிப் பகுதி சொல்கிறது. கடைசியில் மட்டும் தமிழ்: எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவையாம். தந்திகளின் எண்ணிக்கை என்பது ஒரு விளக்கம். பக்கத்திலேயே 'பரிவாதினி' என்ற பெயர். அமரகோசம் என்ற வடமொழி நிகண்டில் அது ஏழு தந்தி வீணை. ஏழு சரி, எட்டு எது?

ஒரே இசை இரு கருவிக்கும் உரியதென்றால், அது இருப்பது எங்கே? நியாயத் தத்துவ மரபினரான நையாயிகரைக் கேட்டால், ஒலி பிறந்து அழிவது. தந்தி அதிராமல் இசையே இல்லை. வேத விளக்க மரபினரான மீமாம்சகருக்கோ எழுத்தொலி நித்தியம். உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறது, அவ்வளவே. அவர் பேசியது வேதத்தின் எழுத்தைப் பற்றி. வீணை நாதத்துக்கு அந்தச் சலுகையைத் தந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனால் இங்கே சுரமே எழுத்தாகக் கல்லில் நிற்கிறதே!

திருமயத்துப் பாறையிலும் பரிவாதினியின் பெயர் இருக்கிறது. அங்கும் பெயர்தான்.