வீழிமிழலையில் தாமதமான சாப்பாடு

வள்ளுவப் பெருமான் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஒன்பதாவது அதிகாரம். பத்துக் குறளும் சோறு போடுகிற வீட்டுக்காரருக்குத்தான். வந்தவர் மனம் எவ்வளவு சீக்கிரம் வாடும் என்று சொல்ல அனிச்சப் பூவைக்கூடத் துணைக்கு அழைக்கிறார். வந்து உட்கார்ந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. அதைச் சொல்லித் தர வேண்டிய அவசியம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை போலும். கும்பகோணத்து ஓட்டல் ஒன்றில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து பார்த்திருந்தால் இன்னும் பத்துக் குறள் எழுதியிருப்பார்.

சிரிக்கிறீர்கள். நவக்கிரகத் தலங்களைச் சுற்ற வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சாயங்காலம் என்னிடம் வந்தவர்களில் தரிசனத்தைப் பற்றிச் சொன்னவர்கள் குறைவு. லாட்ஜில் வெந்நீர் வரவில்லை, ஓட்டலில் கவனிப்பே இல்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம். சரி, அதையே பேசுவோம். பெரிய புராணத்திலேயே சாப்பாடு தாமதமான கதை ஒன்று இருக்கிறது.

திருவாரூர் மாவட்டத்துத் திருவீழிமிழலை. அப்பரும் ஞானசம்பந்தரும் அங்கே தங்கியிருந்தபோது பஞ்சம் வந்தது. மழை இல்லை, ஆற்றில் நீர் இல்லை, அடியார்கள் பசியில் வாடுகிறார்கள். இறைவன் கனவில் வந்து, தினம் ஆளுக்கொரு காசு தருகிறேன், பஞ்சம் தீரும் வரை அடியார்களுக்குச் சோறு போடுங்கள் என்றான். கோயிலில் கிழக்குப் பீடத்தில் ஒன்று, மேற்குப் பீடத்தில் ஒன்று. படிக்காசு என்கிறோமே, அது. இரண்டு மடத்திலும் பந்தி நடந்தது. ஆனால் அப்பர் மடத்தில் நேரத்தோடு இலை விழுந்தது. சம்பந்தர் மடத்தில் தினமும் தாமதம்.

சம்பந்தர் என்ன செய்தார்? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பரிசாரகரைக் கூப்பிட்டார். சோம்பேறி என்று திட்டவில்லை. ஏன் தாமதமாகிறது என்று கேட்டார். அவர்கள் சொன்னார்கள்: “சுவாமி, உங்களுக்கு வருகிற காசைக் கடைக்காரர்கள் வட்டம், அதாவது கழிவு, கேட்டுத்தான் வாங்குகிறார்கள். பேரம் பேசிப் பண்டம் வாங்கி வர நேரமாகிறது. அப்பர் பெருமான் காசை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள்.” கோளாறு அடுப்படியில் இல்லை, காசில் இருந்தது. கேட்டதால் தெரிந்தது.

நம் ஓட்டலிலும் அப்படித்தான் அம்மா. திருநள்ளாறு போகிற கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் டிபனுக்கு உட்காருகிறது. தோசைக்கல்லில் நிற்கிற மாஸ்டர் ஒருவர். சப்ளையரை அதட்டினால் ரவா தோசை சீக்கிரம் வேகாது. “என்னப்பா, உடனே எது கிடைக்கும்?” என்று கேளுங்கள். இட்லியும் பொங்கலும் ரெடியாக இருக்கும். விரதம், வெங்காயம் பூண்டு கூடாது என்றால் ஆர்டர் சொல்லும்போதே சொல்லுங்கள், தட்டு வந்த பிறகு அல்ல. லாட்ஜில் சாவி வாங்கும்போதே வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறை இருந்தால், அதைச் சரிசெய்யக்கூடியவர் யாரோ அவரிடம் தாழ்ந்த குரலில் போய்ச் சொல்லுங்கள். ரூம் பையன் பாய்லரைக் கட்டவில்லை.

அதற்காக ஏமாறச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சம்பந்தரும் வட்டக் காசே போதும் என்று இருந்துவிடவில்லையே. நல்ல காசு வேண்டும் என்று இறைவனிடமே பதிகம் பாடிக் கேட்டார், கிடைத்தது. ஓட்டல்காரர் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. ஆகவே, கல்லாவில் இருப்பவரிடம் அதை எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். கல்லாவில் இருப்பவரிடம், பரிமாறியவரிடம் அல்ல. அவருக்குத் தர நினைப்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அப்பருக்கு மட்டும் ஏன் மாற்றுக் குறையாத காசு? சேக்கிழார் காரணம் சொல்கிறார். அவர் கைத்தொண்டு செய்தவர். உழவாரம் பிடித்துக் கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கிய கை. சம்பந்தர் பிள்ளை, பாட்டுப் பாடியவர். இறைவன் இருவரையும் நேசித்தான், ஆனாலும் உடம்பால் உழைத்தவருக்கு ஒரு படி கூடுதலாகக் கொடுத்தான். ஒரு நாளாவது பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவர், ஓட்டலில் சப்ளையரை “டேய்” என்று கூப்பிட மாட்டார். நான் பார்த்தவரை அப்படித்தான்.

இப்போது பிரசாதம் தயாராக இருக்கிறது. பரிமாறப் போகிறவர்கள் காலையிலிருந்து காய் நறுக்கியவர்கள், இன்னும் சாப்பிடவில்லை. இலை போட்டவுடன் ரசம் எங்கே என்று குரல் கொடுக்காதீர்கள், வரும். முதல் பந்தியில் சாப்பிட்டு எழுகிறவர்களில் முடிந்தவர்கள் கை கழுவிவிட்டு இரண்டாம் பந்திக்குப் பரிமாற வாருங்கள். வாளிகள் சமையற்கட்டு வாசலில் இருக்கின்றன.