நீலப் பெட்டிக்குள் இருந்தது

அமெரிக்காவில் மாதிரி ரயில் பிரியர் ஒருவரிடம் ‘ஏதர்ன் நீலப் பெட்டி’ என்று சொல்லிப் பாருங்கள். ஆள் கொஞ்சம் வயதானவர் என்றால் முகம் மலரும். ஏதர்ன் நிறுவனம் விற்ற அந்தப் பெட்டிக்குள் முழு வண்டி இருக்காது. 1:87 அளவில் ஒரு சரக்குப் பெட்டியின் பிளாஸ்டிக் கூடு, அடிச்சட்டம், எடைக்கு ஓர் இரும்புத் தகடு, சக்கரங்கள், கொக்கிகள், சில திருகுகள். விலையும் அப்போது சில டாலர்தான். கட்டி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ‘பெட்டியைக் குலுக்கினால் வண்டி ரெடி’ என்று கேலி செய்தவர்களும் உண்டு. மரத்தை அறுத்து, கம்பியை வளைத்துக் கட்டிய மூத்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா!

இப்போது அந்தக் குலுக்கலும் குறைந்துவிட்டது. கைப்பிடிக் கம்பி, பிரேக் குழாய் வரை சீனத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, ஓடத் தயாராக வண்டி வருகிறது. நுணுக்கத்தில், நாமே கட்டும் பழைய கிட் அதன் பக்கத்தில் நிற்க முடியாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். விலைதான் எங்கோ போய்விட்டது. நீலப் பெட்டியை ஏதர்னே நிறுத்திவிட்டது. அக்யூரெயில் போன்ற சில நிறுவனங்கள் இன்னும் கிட் விற்கின்றன.

கையால் கட்டியவருக்கு, வண்டி தடம் புரண்டால் எங்கே பார்ப்பது என்று தெரியும். ஒரு முனைச் சக்கரத் தாங்கியின் திருகைக் கால் சுற்று தளர்த்தி லேசாக ஆடவிடுவார்; மறுமுனையைத் திரும்ப மட்டும் விட்டு இறுக்குவார். தயாராக வாங்கியவர் பெரும்பாலும் வண்டியைப் பெட்டியில் வைத்துக் கடைக்கே திருப்பி அனுப்புகிறார்.