தைத்தவளுக்கு என்ன கிடைத்தது?

நத்தார் நெருங்கினால் ஊர்காவற்றுறையிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணக் கடைவீதிக்குப் போகிறோம். சேட்டின் விலையை விசாரிக்கிறோம். சாயம் போகுமா என்கிறோம். தைத்தவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்.

2013 ஏப்ரல் 24ந் திகதி வங்காளதேசத்தின் சாவாரில் ரானா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமானோர் மாண்டனர். முந்திய நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டது. கீழிருந்த வங்கி மூடப்பட்டது. தையல் தொழிலாளரோ மறுநாளும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அங்கிருந்த சில தொழிற்சாலைகள் மேல்நாட்டுக் கடைகளுக்காக முன்னரே பரிசோதிக்கப்பட்டவைதாம். ஆனால் கட்டடத்தின் உறுதி அப்பரிசோதனையில் சேரவில்லை!

“எமக்கென்ன?” என்பீர்கள். எங்கள் கடலின் நீல நண்டு வெளிநாட்டுக்குப் போகிறது. கிலோவின் விலை விழுந்தால், வலையில் நண்டு கழற்றும் பெண்ணின் கூலியை அங்கே வாங்குபவர் நினைக்கவேண்டாமா என்று குமுறுகிறோமே! அந்த நியாயம் சேட்டுக்கும் உண்டு.

1981இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில், கூலியையும் வேலை நிலைமையையும் தூரத்திலிருந்து நிர்ணயிப்போரை ‘மறைமுக முதலாளி’ என்றார். சிறப்பாக அரசையே அவர் சுட்டினார். மலிவு தேடும் நாம் அதற்குள் அடங்கோமா?

ஏழைத் தாயிடம் மலிவுச் சேட்டை வாங்காதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பங்கிலே பாடகர் குழுவுக்கும் பீடப் பணியாளருக்கும் மொத்தமாக உடுப்பு எடுக்கிறோமே, அப்போது கேட்கலாம். ஐம்பது உடுப்பு எடுப்பவர் கேட்டால் கடைக்காரர் சிரிக்கமாட்டார்.