வளைந்து கொடுப்பவர் யார்?

ஒரு நாள் பயணத்துக்கு ஆள் சேர்க்கும்போது நாம் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "பிளான்லாம் ஒண்ணும் இல்ல மச்சி, போவோம், பாத்துக்கலாம்." இந்த வாக்கியத்தில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. வாரம் முழுக்க காலண்டரில் அரை மணி நேரத் துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்ட ஆள், ஞாயிற்றுக்கிழமையாவது வெட்டுப்படாமல் இருக்க ஆசைப்படுகிறான். அந்த ஆசையில் தப்பே இல்லை.

அப்படிப்பட்ட நாளுக்கு ரொம்பப் பொருத்தமான இடம் தண்ணீர். ஒரு படகு, நடுவில் சின்னச் சின்னத் திட்டுகள், எங்கே நிறுத்தலாம் என்று தோன்றுகிறதோ அங்கே நிறுத்துவது, பசித்தால் திரும்புவது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆட்களுக்கு இதற்குத் தெற்கே பிச்சாவரம் இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால்களும் திட்டுகளும். வடக்கே சென்னையைத் தாண்டினால் பழவேற்காடு. ஆனால் வீட்டு வாசலிலேயே இருப்பது கழுவெளி. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் ஈரநிலம். பழவேற்காட்டுக்கு அடுத்து தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர்ப் பரப்பு என்று இதைச் சொல்வார்கள். 2021 டிசம்பரில் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, 2024இல் ராம்சார் பட்டியலுக்கும் போனது.

கழுவெளியைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அது எப்போதும் ஒரே ஏரி இல்லை என்பது. வடகிழக்குப் பருவமழையில் சுற்று வட்டார ஏரிகளின் உபரித் தண்ணீர் வந்து சேரும். எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வரும், வெளியே போகும். ஒரு பக்கம் நல்ல தண்ணீர், இன்னொரு பக்கம் உப்புத் தண்ணீர், நடுவில் இரண்டும் கலந்தது. ஆழம் குறைவு. தையில் தண்ணீர் நிற்கும் இடம் சித்திரையில் வெடித்த சேறாகக் கிடக்கும். அதாவது எது திட்டு, எது தண்ணீர் என்பதையே பருவம்தான் முடிவு செய்கிறது. 'பிளான் இல்லாத' பயணத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று தோன்றும். உண்மையில் இதைவிடக் கறாரான இடமும் கிடையாது. தண்ணீர் இருந்தால் படகு போகும், இல்லாவிட்டால் போகாது. அங்கே பேரம் பேச முடியாது.

இங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. நமக்கு ஒரு நாள் நெகிழ்வாக அமைகிறது என்றால், அந்த நெகிழ்வு எங்கிருந்து வருகிறது? யாரிடமிருந்து?

தமிழில் 'ஃப்ளெக்ஸிபிள்' என்பதற்கு நாம் பேச்சில் சொல்வது 'வளைந்து கொடுப்பது'. அந்தக் 'கொடுப்பது' வெறும் துணைவினைதான், இலக்கணம் அப்படித்தான் சொல்லும். ஆனாலும் அந்தச் சொல் தற்செயலாக ஒரு உண்மையைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒருவர் வளைந்தால், அவர் எதையோ கொடுக்கிறார். ஆகவே எந்த நெகிழ்வான ஏற்பாட்டைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டியது: இதில் கொடுத்தது யார்?

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எங்கள் தொழிலில் 'ஆன்-கால்' என்று ஒன்று உண்டு. நடுராத்திரி சர்வர் விழுந்தால் எழுப்பப்பட வேண்டிய ஆள் ஒருவர் வாரம் முழுக்க இருப்பார். பெரும்பாலான இரவுகளில் எதுவும் நடக்காது. ஆனாலும் அந்த வாரத்தில் அவர் ஊருக்குப் போக முடியாது, ராத்திரி சினிமாவுக்குப் போனாலும் பாதி மனசு போனில் இருக்கும். வேலை நடக்கவில்லை, நேரம் மட்டும் போய்விட்டது. வாடிக்கையாளருக்கு 'எப்போ வேணும்னாலும்' என்ற வசதி கிடைப்பதற்காக, இந்தப் பக்கம் ஒருவர் 'எப்போ வேணும்னாலும்' என்ற கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறார். வசதி புதிதாக உருவாகவில்லை, நிச்சயமின்மை கை மாறியிருக்கிறது.

படகிலும் இதே கணக்குதான். ஒரு உதாரணத்துக்கு: நாலு பேர் ஒரு படகை எடுக்கிறோம். "எவ்ளோ நேரம் சார் ஆவும்?" என்று கேட்கிறார் படகுக்காரர். "பாக்கலாம்ணே, ஒரு ரெண்டு மணி, மூணு மணி." நம் காதுக்கு இது இயல்பான பதில். அவர் காதுக்கு? இரண்டு மணி என்றால் மதியத்துக்குள் இன்னொரு சவாரி கிடைக்கலாம். மூன்று மணி என்றால் கிடைக்காது. இரண்டா மூன்றா என்று தெரியாத வரை அவர் இன்னொருவருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. நாம் இரண்டு மணி நேரத்தில் திரும்பி இரண்டு மணிக்கான காசைக் கொடுத்தாலும், அந்த மூன்றாவது மணி நேரம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அதை நாம் வாங்கினோம், காசு கொடுக்கவில்லை.

வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ஸன் 1967இல் நேரத்தையும் தொழிற்சாலை ஒழுங்கையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடிகாரம் மனிதர்களை ஆள்வதற்கு முந்தைய காலத்தில் வேலையே நேரத்தைத் தீர்மானித்தது என்பது அதில் ஒரு முக்கியமான இடம். மீன் பிடிப்பவர் ஓதத்தைப் பார்த்துத்தான் எழ வேண்டும், ராத்திரி என்றாலும். அவர் வாழ்க்கையும் வளைந்து கொடுக்கும் வாழ்க்கைதான், ஆனால் வளைந்தது தண்ணீருக்கு. இன்று அதே கைகள் சுற்றுலாப் படகைத் தள்ளும்போது எஜமானர் மாறிவிட்டார். தண்ணீரைக் கெஞ்ச முடியாது, அது நம்மை அவமானப்படுத்துவதும் இல்லை. மனிதர்கள் அப்படி இல்லையே.

"அவருக்குக் காசு கிடைக்குது, அவரே ஒத்துக்கிட்டாரு, இதுல என்ன நியாய அநியாயம்?" என்று கேட்கலாம். கனமான கேள்வி. நாம் போகாமல் இருந்தால் அவருக்கு அந்தக் காசும் இல்லை. நம் குற்றவுணர்ச்சியால் யார் வீட்டு அடுப்பும் எரியாது.

ஆனால் 'ஒத்துக்கிட்டார்' என்ற சொல்லை ஒரு தடவை தட்டிப் பார்க்க வேண்டும். மரக்காணத்தில் வந்து முடியும் பக்கிங்காம் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே காக்கிநாடா பக்கத்திலிருந்து வரும் நீர்வழி அது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் அதில்தான் படகேறிச் சென்னைக்குப் போயின. சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. துண்டு, 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தின்போது மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்துவிட்டது, வெட்டியவர்களின் பெயர் நிலைக்கவில்லை. மண் வெட்ட வந்தவர்களும் 'ஒத்துக்கொண்டுதான்' வந்தார்கள். வராவிட்டால் சோறு இல்லை. படகுச் சவாரியையும் பஞ்ச வேலையையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை, இரண்டுக்கும் தூரம் ரொம்ப அதிகம். நான் சொல்வது இவ்வளவுதான்: ஒருவர் 'சரி' என்று சொன்னது நம் பொறுப்பை முடித்துவைப்பதில்லை. 'இல்லை' என்று சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் 'சரி'க்கு எடை.

இதற்கு நம்ம ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகச் சொல்லி ஒரு பாணர் இன்னொரு பாணருக்கு வழி சொல்லும் பாட்டு. இன்றைய மொழியில் ஒரு பயணக் கையேடு. அதில் வரும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் பகுதியோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் இருக்கிறது. கடற்கரையில் போனால் பரதவர் வீட்டில் மீனும் தேறலும் கிடைக்கும், வேலூரில் எயிற்றியர் புளிச்சோறு தருவார்கள், ஆமூரில் உழவர் வீட்டில் நண்டோடு சோறு. கடைசியில் அரசனே பக்கத்தில் நின்று பரிமாறுவான். வழியில் எங்கும் கட்டணம் இல்லை. உபசரிப்பவர்கள்தான் தங்கள் நேரத்தை வளைத்துக் கொடுக்கிறார்கள், தங்கள் வீட்டில், தங்கள் இஷ்டப்படி.

ஆனால் அந்தப் பாட்டில் என்னை நிறுத்தி வைப்பது விருந்து இல்லை. வழி சொல்லும் பாணர், தான் முன்பு எப்படி இருந்தேன் என்று நினைத்துப் பார்க்கும் இடம். இடிந்த அடுக்களை. பசியில் கிடக்கும் தாய் நாய். குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிறாள் ஒரு பெண். அதைச் சாப்பிடும்போது அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். உப்பு வணிகரான உமணர்கள் வண்டியோடு நடந்துபோகும் பாட்டில், உப்பில்லாத கீரை.

அந்தச் சாத்திய கதவை நான் இன்றும் பல இடங்களில் பார்க்கிறேன். "பரவால்ல சார், நீங்க பாத்துட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் ஒரு சாத்திய கதவுதான். உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்பதை வெளியில் காட்டாமல் இருப்பது அவருடைய மானம். நாம் அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம். கதவைத் தட்டித் திறந்து பார்க்க நமக்கு உரிமை இல்லை என்பதும் உண்மைதான். கதவு சாத்தியிருக்கிறது என்று தெரிந்து நடந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

இது வெறும் மென்மையான மனசின் விஷயம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் 'இல்லை' என்ற சொல்லுக்கு உயிரின் விலை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் இன்னும் 22 பேர். அனுமதி, படகின் வடிவமைப்பு, உயிர்காப்பு உடை, கண்காணிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் பேசப்பட்டன. இறந்தவர்கள் மேல் பழி போடுவது என் நோக்கமில்லை. ஆனால் பழவேற்காட்டிலும் தானூரிலும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் பேசப்பட்டது. அளவுக்கு மீறுவது எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது: "இன்னும் ரெண்டு பேருதாண்ணே." அதன் தம்பிதான் "இன்னும் கொஞ்ச தூரம்ணே". அந்த நொடியில் படகில் இருக்கும் ஒரே பாதுகாப்புக் கருவி, ஓட்டுபவர் 'முடியாது' என்று சொல்லும் துணிச்சல். அப்படிச் சொன்னால் அன்றைய கூலி குறையும் என்று இருந்தால், அந்தக் கருவியை நாமே கழற்றிப் போட்டுவிட்டோம்.

கிரேக்க மெய்யியலாளர் எபிக்டெட்டஸ் ஒரு படகு உவமை சொல்கிறார். கப்பல் கரையோரம் நிற்கும்போது தண்ணீர் எடுக்க இறங்கலாம், வழியில் சங்கோ கிழங்கோ பொறுக்கலாம். ஆனால் கவனம் கப்பல் மேலேயே இருக்க வேண்டும். மாலுமி கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். அவர் இதை வாழ்வையும் சாவையும் பற்றிச் சொன்னார். ஆனால் உவமையை அப்படியே எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு நாகரிகம் இருக்கிறது: பயணி இஷ்டப்படி திரியலாம், ஆனால் கூப்பிடும் அதிகாரம் கப்பலிடம். இதைச் சொன்னவர் அடிமையாகப் பிறந்தவர். தன் நேரம் இன்னொருவர் கையில் இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்முடைய சுற்றுலா இந்த உவமையைத் தலைகீழாக்கிவிட்டது. இப்போது மாலுமி கரையில் காத்திருக்கிறார், பயணி கூப்பிடுகிறார்.

படகுக்காரர் மட்டுமல்ல. கழுவெளிக்கு வரும் வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கான கி.மீ. பறந்து வருவது உடம்பில் கொழுப்பு சேர்க்க. ஆழமில்லாத தண்ணீரில் மேயும் கூட்டத்தைப் 'பக்கத்துல போய்ப் பாக்கலாம்' என்று நாம் ஒரு தடவை எழுப்பிவிட்டால், ஒரு வீடியோவுக்காக அவை சேர்த்து வைத்ததில் கொஞ்சம் எரிகிறது. பறவைக்கு நம்மிடம் கூலி கேட்கவும் தெரியாது. காப்பகம் என்ற பெயரும் விதிகளும் அதன் சார்பில் 'இல்லை' சொல்ல நாம் ஏற்படுத்திய ஒரு வாய் என்று வைத்துக்கொள்ளலாம். விதியைப் பார்த்து எரிச்சல்படும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அப்படியென்றால் பிளான் இல்லாமல் போகவே கூடாதா? போகலாம். நெகிழ்வை விரும்புவது தப்பில்லை, அதன் செலவை வேறொருவர் கணக்கில் எழுதுவதுதான் தப்பு. செலவை நம் பக்கம் இழுத்துக்கொள்ள வழிகள் இருக்கின்றன, பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம். மூன்று மணி நேரத்தைப் பேசி, மூன்று மணிக்கும் கொடுத்துவிட்டு, இரண்டில் திரும்பலாம். அப்போது அந்த ஒரு மணி நேரம் நிஜமாகவே நம்முடையது, திரும்பிய பிறகு அவருடையது. எங்கே போகலாம் என்று நாம் சொல்வதற்கு முன்னால் "இன்னிக்கு தண்ணி எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்கலாம். ஏறும்போதே, காசைப் பேசும்போதே, "நீங்க வேணாம்னு சொன்னா அங்கயே திரும்பிடலாம், பேசுன காசுல ஒண்ணும் குறையாது" என்று சொல்லிவிடலாம். இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். அவருடைய 'இல்லை'க்கும் கூலிக்கும் இருக்கும் முடிச்சை அவிழ்ப்பது அது ஒன்றுதான்.

இதெல்லாம் செய்தாலும் சமமாகிவிடாது. நாம் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள், அவர் வெயிலில் எல்லா நாளும் நிற்கிறவர். அந்த வித்தியாசத்தை ஒரு நாள் சவாரியில் சரிசெய்ய முடியாது. ஒரே ஒரு சின்ன வேறுபாடு வரும்: திரும்பும் நேரத்தை இந்த முறை அவர் சொல்வார். காற்று திரும்பிடுச்சு, கிளம்பலாம் என்பார். கையில் பாதி எடுத்த போட்டோவோடு நாம் எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.