திரி என்னத்துக்கு?

வைகாசிப் பொங்கலுக்கு முந்திய கிழமை, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் பக்கத்து வீட்டு அக்கா கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. முல்லைத்தீவுக் கடலில் அள்ளி வந்த உப்புத்தண்ணீரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏழு நாள் அங்கே எரிந்து, திங்கட்கிழமைப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மாள் கோயிலுக்குப் போகும். அக்கா விளக்கைப் பார்த்தபடியே சொன்னா: "தண்ணியையே எரிய வைக்கிற அம்மாளுக்குத் திரி என்னத்துக்கு, தம்பி?"

அந்தத் திரியை ஒரு மனிதக் கைதான் திரித்திருக்கும். அந்தக் கை காலையில் யாரோடு வேலிச்சண்டை பிடித்ததோ, யாருடைய கடனை இழுத்தடிக்கிறதோ. அம்மாள் அதையெல்லாம் விசாரித்ததாகத் தெரியவில்லை.

வற்றாப்பளைக் கதையும் அப்படித்தான். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, நந்திக்கடலோரம் கிழவியாக உட்கார்ந்து, மாடு மேய்க்கிற பொடியன்களிடம் பசிக்குது என்கிறாள். பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபட்டதும் விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்தண்ணியை விடுங்கோ என்கிறாள். எண்ணெயின் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். திரி போடுவதைப் பொடியன்களிடமே விட்டுவிட்டாள்.

அதே மதுரையின் இன்னொரு கதையை, பிட்டு அவிக்கும்போது அம்மம்மா சொல்லுவா. வைகை பெருகி, வீட்டுக்கொரு ஆள் கரை அடைக்கப் போகவேண்டும். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவன் கூலியாக வருகிறார். கூலி, உதிர்ந்த பிட்டு. முழுசாக வந்ததைக் கேட்டிருக்கலாமே என்று நான் சண்டை பிடிப்பேன். "முழுசு விக்கிறதுக்கு மோனை. அவளும் சீவிக்க வேணுமெல்லோ" என்பா. அன்றைக்கு அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோனது ஏன் என்று மட்டும் அவ சொன்னதில்லை.

கடவுள் எல்லாவற்றையும் தானே செய்து முடித்தால் நாங்கள் காலம் முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் நிற்போம். அதனால்தான் உதிர்ந்ததையும் ஏற்று எங்களைக் கூட்டுச் சேர்க்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் வன்னியில் இருந்துகொண்டு அந்த நினைப்போடு ஆறுதலாக நிற்க முடியாது. முகமாலையில் மிதிவெடி புதைத்ததும் கைகள்தானே. போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் அதே மண்ணில் பெண்கள் முழங்காலிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைச் சுரண்டி, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். போரில் புருஷனைப் பறிகொடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வெயிலில் கவசத்தைப் போட்டுக்கொண்டு அந்த வேலை செய்வதென்றால் என்ன பாடு! எடுக்கிற கையில் கடவுளைக் காண எனக்குக் கஷ்டமில்லை. புதைக்கிற கையையும் அவர் தடுக்காமல் விட்டார்.

2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், வற்றாப்பளைக்கு அக்கரையில், முள்ளிவாய்க்காலில் அந்த அக்காவின் மகன் போனான். அங்கேயும் கைகள் இருந்தன. உப்பும் அரிசியுமாகக் கஞ்சி காய்ச்சி வரிசையில் நின்றவர்களுக்கு ஊற்றின. மருந்தில்லாமல் காயம் கட்டின. பயந்த, களைத்த, பிழைவிட்ட கைகள். அவற்றோடு கடவுள் இருந்தார் என்று நம்புகிறேன், இதை ஆரோடும் வாதாடுவேன். வரவேண்டிய எத்தனையோ கைகள் வெளியிலிருந்து வரவில்லை. அவை வராதபோது, கூட்டாளிக்காகக் காத்திராமல் அவர் தனியே இறங்கியிருக்கக் கூடாதா? என் நம்பிக்கைக்குள் இந்தக் கேள்வியை எங்கே வைப்பதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.