பாதையின் உரிமையும் கைப்பேசியும்



வியாபாரிகளாகிய நமக்கு ஜும்ஆ அத்தியாயத்தின் கடைசி ஆயத்து புதிதன்று. மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஜும்ஆவில் இருந்த வேளையில் உணவுப் பொருள் ஏற்றிய வணிகக் கூட்டமொன்று வந்தது. உடனே பலரும் எழுந்து அதன் பக்கம் போய்விட்டார்கள். மிஞ்சியவர் பன்னிரண்டு பேர்தாம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. அன்று அந்தக் கூட்டம் பாலைவனம் தாண்டி வரவேண்டியிருந்தது. இன்றோ அதை நாமே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குள் நுழைகிறோம்.

குத்பா நடக்கும்போது பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சும்மா இருக்கச் சொல்வதும் வீண்பேச்சே என்று ஹதீது இருக்கிறது. ஆகவே ஒருவருடைய கைப்பேசி சினிமாப் பாட்டை முழக்கினால், அணைக்கும்படி சொல்லவும் நமக்கு வாயில்லை. ஸஃப்பு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கவேண்டியதுதான். சிலர் நன்மையென்று நினைத்துப் பாங்கோசையையே அழைப்பு மணியாக வைத்திருக்கிறார்கள். அது கழிவறையிலும் ஒலிக்குமே, யோசித்தார்களா?

பள்ளியை விட்டு வெளியே வருவோம். பாதையோரத்தில் உட்காருவதை நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, பேசிக்கொள்ள எங்களுக்கு வேறு இடமில்லையே என்றார்கள் ஸஹாபாக்கள். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று சொல்லி, பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று அவ்வுரிமையை விளக்கினார்கள். கோலசிலாங்கூரிலும் புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் கடையின் அஞ்சடியை வைத்தே பிழைக்கும் நம்மைவிட இந்த ஹதீதுக்கு உரியவர் வேறு யார்?

கைப்பேசி நமக்கு இன்னொரு கண். நம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அந்தக் கண்ணை உயர்த்திப் பிடித்தால் என்ன பயன்? பஸ்ஸுக்கு நிற்கும் தோட்டத்துப் பெண்ணையும், மேசையில் சண்டையிட்ட இருவரையும் கேளாமல் படம்பிடித்து ஊருக்கு அனுப்புகிறவர்கள் நம் கடையில் உட்கார்ந்துதான் அதைச் செய்கிறார்கள். காதில் கருவியை மாட்டியிருப்பவருக்கு ஒரு பெரியவர் சொல்லும் ஸலாம் காற்றோடு போகிறது.

தொல்லை மனிதருக்கு மட்டுமா? கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல் மினுங்குவதைக் காண எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஆண்பூச்சி பெண்பூச்சியை அழைக்கும் அழைப்பு அந்த ஒளி. நாம் அடிக்கும் வெளிச்சம் அதைக் குழப்பிவிடும். படம் எடுக்க விளக்கடிக்காதீர் என்று அங்கே சொல்லப்பட்டும், இருட்டில் படகிலிருந்து யாரேனும் ஒருவர் பளிச்சென்று அடித்துவிடுகிறார். அல்லாஹ் படைத்த வெளிச்சத்தைப் பார்க்க வந்தவருக்குக் கைவெளிச்சம் எதற்கோ!

ஒரு கூட்டத்தாரைப் பற்றி மட்டும் நாம் கடுமையாகப் பேசமாட்டோம். செம்பனைத் தோட்டங்களில் இன்று பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வந்தவர்கள் பாடுபடுகிறார்கள். மாலையில் ஒரு தேத்தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, பிறந்தபின் கையில் தூக்கிப் பாராத பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்து உரக்கப் பேசுகிறார்கள். நம் பாட்டன்மார் ஊர்க் கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தச் சத்தத்தை அதட்டி அடக்க நமக்கு மனம் வராது. பின்பக்கம் இரண்டு மேசைகளை அவர்களுக்கென ஒதுக்கினோம். முன்பக்கம் தானாகவே அமைதியாயிற்று.

வெள்ளிக்கிழமைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை கூப்பிடவேண்டாம், கைப்பேசி கல்லாப்பெட்டியில் பூட்டியிருக்கும் என்று சரக்குக் கொடுப்பவர்களிடம் சொல்லிவைத்தோம். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அவன் அருளைத் தேடலாம் என்று அதே அத்தியாயம் அனுமதி தருகிறதே! சரக்குக்காரர் எவரும் முகம் சுளிக்கவில்லை. இப்போது இரண்டே முக்காலுக்குக் கூப்பிடுகிறார்கள்.